பழைய வண்டி சூடேறுகிறதா? எப்போது சூடேறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

பழைய வண்டியின் எஞ்சின் சூடேற ஆரம்பித்தால் பெரும்பாலும் முதலில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிதிறக்கும் வால்வு) மாற்றுகிறார்கள். அதில் சரியாகாவிட்டால் வாட்டர் பம்ப், அப்புறம் ரேடியேட்டர். இப்படி ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பார்ப்பதற்குள் எஞ்சின் பலமுறை கொதித்துவிடுகிறது. சின்ன கோளாறாக ஆரம்பித்தது ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) வேலையில் போய் முடிகிறது. பாகத்தைத் தொடுவதற்கு முன் சூடு எந்த நேரத்தில் ஏறுகிறது என்று கவனித்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவைப்படாது. நிற்கும்போது ஏறும் சூட்டுக்கு ஒரு காரணம், வேகத்தில் ஏறுவதற்கு வேறு காரணம், அணைத்த பிறகு கொதிப்பதற்கு இன்னொன்று. கீழே வரும் பகுதிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் எஞ்சின்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இக்னிஷன், பாயின்ட் (தீப்பொறியைத் தூண்டும் தொடர்பு முனை), ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் பற்றி வருவது பெட்ரோல் வண்டிக்கு மட்டும். மற்றவை டீசலுக்கும் பொருந்தும்.

இப்போதே கொதித்துக்கொண்டிருந்தால்

டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்குகிறது, ஆனால் இன்னும் ஆவி வரவில்லை என்றால் ஏசியை அணைத்துவிட்டு, கேபின் ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் வையுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியேற்றும். முள் சிவப்பில் நின்றாலோ, ஆவி வந்தாலோ, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தாலோ உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் அங்கே கூலண்ட் போய்ச்சேரவில்லை. அந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் ஹெட்டைத்தான் பாதிக்கும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால்தான். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய், தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை (எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பகுதிக்குப் போகும் ரப்பர் குழாய்) அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் அளவுக்கு ஆறட்டும். அரைமணிக்கு மேல், சில நேரம் ஒரு மணிநேரம்கூட ஆகும். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம், ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும்.

முள் சொல்வது உண்மையா?

முள் மேலே போகிறது, ஆனால் வாசனை இல்லை, ஆவி இல்லை, அணைத்த பிறகு கொதிக்கும் சத்தமும் இல்லை. அப்படியானால் முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் டெம்பரேச்சர் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். அதனால் சென்சார் ஒயர் தேய்ந்து எஞ்சின் உடம்பில் பட்டாலே முள் உச்சிக்குப் போய்விடும். ஒயரைக் கழற்றியும் முள் கீழே வரவில்லை என்றால் ஒயரில்தான் கோளாறு. பல பழைய வண்டிகளில் மீட்டர்களுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு சிறிய ஸ்டெபிலைசர் இருக்கும். அது கெட்டால் டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டும். டேங்க் பாதி காலியாக இருக்கும்போது பெட்ரோல் முள் நிறைவாகக் காட்டினால் சந்தேகம் உறுதி.

கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் விவாதம் முடிந்தது. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அளவு தப்பாக வரும். கறுப்பு ரப்பர் ஹோஸிலோ, உலோகத்தில் ஒட்டிய கறுப்பு டேப்பிலோ அளப்பது நம்பகமானது. சுமார் 80 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் பெரும்பாலான எஞ்சின்களுக்கு அது இயல்பு.

இதற்கு நேரெதிரான ஆபத்து ஒன்று உண்டு. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் திடீரென்று கீழே இறங்கினால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கூலண்ட் வற்றிப்போய் சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், அதாவது இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும்.

குளிர்ந்த எஞ்சினில் பார்க்க வேண்டியவை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்தச் சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். சில நிமிட வேலைதான், பாதிப் பிரச்சினைகள் இங்கேயே பிடிபடும். ரிசர்வ் பாட்டிலில் அளவு சரியாக இருந்தாலும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். மூடி பழுதாக இருந்தால் பாட்டில் நிறைந்தும் ரேடியேட்டர் காலியாகவும் இருக்கும். கூலண்ட் துருப்பிடித்த செம்மண் நிறத்தில் இருந்தால் உள்ளே அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கூழ் மாதிரி இருந்தால் ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலண்ட்களை யாரோ கலந்திருக்கலாம். எண்ணெய் மிதந்தால் விஷயம் பெரிது.

மூடியை அலட்சியப்படுத்தாதீர்கள். 0.9 பார் மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீரின் கொதிநிலையே சுமார் 118 டிகிரிக்குப் போகிறது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. அதே மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால் அந்த வசதி முழுவதும் போய்விடும். அதற்காகப் பழைய வண்டிக்கு அதிக அழுத்த மூடியைப் போடுவதும் தவறு. மிகப் பழைய ரேடியேட்டர்கள் 0.5 பாருக்கும் குறைவான மூடிக்காகச் செய்யப்பட்டவை. அழுத்தம் கூடினால் ஈயப் பற்று விடும், ஹீட்டரும் ஒழுகும். குளிர்ந்த பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தால், மூடியில் உள்ள வெற்றிட வால்வு அடைத்துவிட்டது. மூடியை மாற்றினால் போதும்.

ஃபேன் பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் விரலால் அழுத்துங்கள். வி வடிவப் பெல்ட் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கினால் சரி. அதிகம் தொய்ந்திருந்தாலோ, பக்கவாட்டில் கண்ணாடி போல வழவழத்திருந்தாலோ பெல்ட் வழுக்குகிறது, பம்பும் ஃபேனும் தேவையான வேகத்தில் சுற்றவில்லை.

நிற்கும்போது ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

சிக்னலில் முள் ஏறி, கொஞ்ச தூரம் ஓடியதும் தானாக இறங்கினால் கூலண்ட் ஓட்டம் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது, காற்று போதவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றதும் அந்த வேலை முழுவதும் ஃபேன் தலையில் விழுகிறது.

மின்சார ஃபேன் என்றால் எஞ்சினை ஐட்லிங்கில் சூடாகவிட்டு அது ஓடத் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் ரேடியேட்டரில் உள்ள ஃபேன் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். இரண்டு முனை சுவிட்ச் இருக்கும் வண்டிகளில் இந்தச் சோதனை செல்லும். ஃபேன் சுற்றினால் சுவிட்சை மாற்றினால் போதும். சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, எர்த், மோட்டார் என்ற வரிசையில் போங்கள். பழைய வண்டியில் எர்த் துருப்பிடிப்பது மிகச் சாதாரணம், மோட்டாரைக் குறைசொல்லும் முன் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும் என்பதால் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் இறக்கை அருகே கையை விடக்கூடாது.

பெல்ட்டில் ஓடும் ஃபேனில் நடுவே சிலிகான் எண்ணெய் அடைத்த விஸ்கஸ் கிளட்ச் இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பின் அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் தள்ளுங்கள். கெட்டியாக எதிர்த்து உடனே நிற்க வேண்டும். தள்ளியதும் தடையில்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. அதன் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய்க் கறை படிந்திருந்தால் கழற்றிப் பார்க்கவே வேண்டாம்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் அல்லது தகரக் கூடு பழைய வண்டிகளில் அடிக்கடி காணாமல் போயிருக்கும். யாரோ ஒருமுறை கழற்றியதை மறுபடி மாட்டியிருக்க மாட்டார்கள். அது இல்லையென்றால் ஃபேன் பின்பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும், ரேடியேட்டரின் ஊடாகக் காற்று வராது. அடுத்து, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முன்னால் இருந்து பார்க்கும்போது எல்லாம் சுத்தமாகத் தெரியும். நடுவில் பூச்சி, மண், சருகு எல்லாம் அப்பிப் போயிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி, மெதுவான நீரில் கழுவ வேண்டும். அதிக அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும்.

வேகத்திலும் மேட்டிலும் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது

இது ஏறக்குறைய முந்தையதன் தலைகீழ். காற்று தாராளமாகக் கிடைக்கும் நேரத்தில் சூடேறுகிறது என்றால், எஞ்சின் உண்டாக்கும் சூட்டைச் சுமந்து செல்லக் கூலண்ட் ஓட்டம் போதவில்லை, அல்லது எஞ்சினே தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. இரண்டையும் பார்த்தாக வேண்டும். முதல் பாதியைச் சரிபார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் பலர் புது ரேடியேட்டர் போட்டும் அதே சூட்டோடு ஓட்டுகிறார்கள்.

ஓட்டத்தில் முதல் சந்தேகம் ரேடியேட்டரின் உள் அடைப்பு. ஓட்டிவந்த சூட்டோடு அதன் முகத்தை வெப்பமானியால் தடவியபடி அளந்து பாருங்கள். கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை. லேசான அடைப்பைத் தலைகீழ் ஓட்டத்தில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்க்கலாம். இறுகிப்போனதற்கு ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்துத் திறந்து கம்பி விடுவதோ, உள்ளே உள்ள குழாய்த் தொகுதியை (கோர்) மாற்றுவதோதான் வழி. எப்போதாவது ஒழுகலை அடைக்கும் பவுடர் ஊற்றியிருந்தால் அதுவே இந்த அடைப்புக்குக் காரணமாக இருக்கலாம். அந்தப் பவுடர் ஓட்டைக்கும் குழாய்க்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

அடுத்து கீழ் ஹோஸ். இது பம்ப் உறிஞ்சும் பக்கம். ரப்பர் தளர்ந்து, உள்ளே இருக்கும் சுருள் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துபோனால் வேகத்தில் ஹோஸ் சப்பி ஓட்டம் நின்றுவிடும். ஐட்லிங்கில் பார்த்தால் தெரியாது. எஞ்சின் சூடானபின் ஒருவர் 3000 சுற்றுக்கு ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் பாதுகாப்பாக நின்று பார்க்க வேண்டும்.

வாட்டர் பம்பில் ஒழுகலும் ஆட்டமும் இருந்தால் வெளியே தெரிந்துவிடும். பம்பின் அடியில் உள்ள சிறு துளை வழியாகச் சொட்டினால் சீல் போய்விட்டது. தெரியாமல் ஏமாற்றுவது உள்ளே இருக்கும் இறக்கை. வெறும் தண்ணீரிலேயே பல வருடம் ஓடிய வண்டிகளில் இறக்கை துருவில் கரைந்து குட்டையாகிவிடும். பம்ப் சத்தமில்லாமல் சுற்றும், ஆனால் தள்ளாது. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருந்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ரேடியேட்டர் வாய்க்குள் ஓட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பொங்கி வருவது போலத் தெரிந்தால் உடனே தள்ளி நில்லுங்கள்.

ரேடியேட்டரை மாற்றியவர்கள் பிளாக்கை மறந்துவிடுகிறார்கள். இரும்பு பிளாக்கில் துருச்சேறு பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றி அடியில் தேங்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள். எதுவும் வரவில்லை என்றால் காலியாக இருக்கிறது என்று நினைக்காமல் கம்பியால் குத்திப் பாருங்கள். கெட்டியான சேறு வந்தால், அதை முழுவதும் கழுவி எடுத்த பிறகே புது ரேடியேட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே சேறு புதியதையும் அடைக்கும்.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) தாமதமாக இருந்தால் எஞ்சின் நிச்சயம் சூடேறும். வெளியேற்று வால்வு திறக்கும்போதும் எரிப்பு முடியாமல், அந்தச் சூடு வேலையாக மாறாமல் ஹெட்டுக்கும் கூலண்டுக்கும் போகிறது. பாயின்ட் உள்ள வண்டிகளில் இது தானாகவே நடக்கும்: கேமில் உரசும் முனை தேயத் தேய பாயின்ட் இடைவெளி குறையும், அதோடு டைமிங்கும் பின்னால் தள்ளும். பிக்கப் மெல்ல மெல்லக் குறைந்து, அதோடு சூடும் கூடிவந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பிடித்து நிற்காமல் காற்று வந்தால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. கார்புரேட்டர் ஜெட்டில் பாதி அடைப்பு, இன்டேக் கேஸ்கெட்டில் காற்றுக்கசிவு போன்றவை கலவையை மெலியவைத்து அதே வேலையைச் செய்யும். பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்று பார்க்க, ஓட்டிவந்ததும் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் வெப்பமானியால் ஒப்பிடுங்கள். சைலன்சர் அடைப்பும் பட்டியலில் உண்டு. பின்னால் புகை அழுத்தமில்லாமல் வந்து, உயர் வேகத்தில் வண்டி இழுக்காமல் இருந்தால் சந்தேகிக்கலாம்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் ஏறுகிறது

கூலண்ட் அளவு சரியாக இருந்தும் இப்படி ஏறினால், மேல் ஹோஸைக் கவனியுங்கள். எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருக்க, ரேடியேட்டர் இன்னும் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டது. இங்கேதான் தெர்மோஸ்டாட்டை மாற்றுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. கழற்றிய பிறகு ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுவதும் திறந்துவிட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பகுதி பைபாஸ் வழியை மூடும்படி அமைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருந்து, கூலண்டின் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். குளிரவைக்க எடுத்தது சூட்டைக் கூட்டிவிடும்.

முள் ஏறி இறங்கி ஊசலாடுகிறது

பெரும்பாலும் உள்ளே காற்று. அளவு குறைந்ததாலோ, நிரப்பும்போது காற்று சரியாக வெளியேறாததாலோ இருக்கலாம். காற்றை வெளியேற்றிய சில நாளில் மறுபடி ஊசலாடினால் அந்தக் காற்று எங்கிருந்தோ புதிதாக வருகிறது. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

கூலண்ட் குறைகிறது, ஒழுகல் மட்டும் தெரியவில்லை

கார்ப்பெட்டின் ஈரத்தையும் கண்ணாடியில் படியும் எண்ணெய்ப்பசையான பனியையும் பாருங்கள், ஹீட்டர் கோர் உள்ளேயே ஒழுகலாம். எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துபோகும் சிறு ஒழுகலையும், பிளாக்கின் பின்பக்கத் துளையை அடைக்கும் தகட்டு மூடியான கோர் பிளக்கையும் பிரஷர் டெஸ்டர் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த எஞ்சினில் மூடியின் அழுத்த அளவுக்கு மட்டும் காற்றேற்றி, கால் மணிநேரம் வைத்துப் பாருங்கள்.

வெளியே எதுவும் இல்லை, ஆனாலும் அழுத்தம் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். அதற்கான அடையாளங்களில் நான் அதிகம் நம்புவது இது: இரவு முழுக்க ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சூட்டால் வந்த அழுத்தம் அல்ல அது, சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சிறிது நேரம் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் குலுங்குவது) இருந்து பிறகு சரியாகும். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வரும். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் பால் நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆகும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் வண்டியை ஓட்டக்கூடாது.

ஹெட்டைக் கழற்றும் முன் உறுதிசெய்ய ரசாயனச் சோதனை ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும். கம்ப்ரெஷன் சோதனையில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைவாக வந்தாலும் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஹெட்டைக் கழற்றிவிட்டால் நேர்விளிம்பை வைத்து வளைவை அளக்காமல் மறுபடி பூட்ட வேண்டாம். பல எஞ்சின்களுக்கு 0.1 மில்லிமீட்டர் வளைவே அதிகம். புது கேஸ்கெட் அதன்மேல் நிற்காது.

அணைத்த பிறகு கொதிக்கிறது

ஓடும்போது முள் சரியாக இருந்து, அணைத்ததும் கொதித்துப் பாட்டிலில் பொங்கினால் மூடியைத்தான் முதலில் மாற்றுங்கள். பம்ப் நின்றதும் ஹெட்டில் தேங்கிய சூடு அங்கேயே நிற்கும் கூலண்டில் ஏறும். அழுத்தம் இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் கொதிக்கும். வேகமாக ஓட்டிவந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுவது நல்லது.

ஏதோ வேலை பார்த்த பிறகு ஆரம்பித்த சூடு

முந்தைய நாள்வரை நன்றாக ஓடிய வண்டி பட்டறையிலிருந்து வந்ததும் சூடேறினால், கெட்ட பாகத்தைத் தேடாமல் தலைகீழாக மாட்டியதைத் தேடுங்கள். தெர்மோஸ்டாட்டின் மெழுகு உள்ள, சுருள் கம்பிப் பக்கம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். காற்று விடும் சிறு துளை மேலே வர வேண்டும். மின்சார ஃபேனின் இரண்டு ஒயர்களும் மாறியிருந்தால் அது காற்றை முன்னோக்கித் தள்ளும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள், அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஹெட் வேலை நடந்திருந்தால் கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு நீர்வழிகளை மூடியிருக்கவும் கூடும்.

மறுபடி நிரப்பும்போது

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் கடைசி வேலை இதுதான், அவசரப்பட்டால் அத்தனை உழைப்பும் வீணாகும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைச் சூட்டுக்குத் திருப்பி, காற்று விடும் திருகு இருந்தால் தளர்த்தி, கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலப்பது பெரும்பாலான எஞ்சின்களுக்குப் பொருந்தும். வடித்து எடுத்த பழைய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் உயிர் போய்விடும். மூடியைத் திறந்து வைத்து ஐட்லிங்கில் விட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்தினால் குமிழிகள் வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், நிரப்பி மூடிவிடுங்கள்.

ரிசர்வ் பாட்டிலில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள்: மிச்சமிருந்த காற்று வெளியேறியதால் ஒருமுறை இறங்குவது இயல்பு, நிரப்பிக்கொள்ளலாம். ஒரு வாரம் ஓட்டிய பிறகும் கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் பிரஷர் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.